பிழையின் வடிவழகு

செய்யுளுக்கு மட்டும்தான் நயம் பாராட்ட வேண்டும் என்று யாரும் விதி எழுதி வைக்கவில்லை. நல்ல சூத்திரத்திலும் நின்று ரசிக்க இடம் உண்டு. எனக்கு வெகுகாலமாகப் பிடித்த ஒன்று ஒரே வரியில் அடங்கிவிடும்:

கொ = எ × (ச − த)

ஒருவர் ஒரு கணத்தில் எத்தனை பொருள்களை மனத்தில் ஏந்தி நிற்க முடியும் என்பதைச் சொல்லும் வரி இது. அப்படி ஏந்தி நிற்கும் திறனைத்தான் உளவியலார் செயல் நினைவு என்கிறார்கள். அமெரிக்காவில் மிசௌரி பல்கலைக்கழகத்தின் நெல்சன் கோவன் 2001இல் வெளியிட்ட நீண்ட கட்டுரையில் இந்த வரி வருகிறது. 1956இல் ஜார்ஜ் மில்லர் 'ஏழு' என்று சொல்லிப் பிரபலமான எண்ணை நான்கின் பக்கம் இறக்கிவிட்ட கட்டுரை அது.

சோதனையைச் சொல்லிவிட்டால் சூத்திரம் தானே விளங்கும். ஸ்டீவன் லக், எட்வர்ட் வோகல் இருவரும் 1997இல் நேச்சர் இதழில் எழுதிய சோதனை இதற்கு ஒரு முன்னோடி. திரையில் சில வண்ணச் சதுரங்கள் 0.1 நொடி தோன்றி மறையும். பிறகு 0.9 நொடி வெறுந்திரை. மறுபடியும் சதுரங்கள். நிறம் ஏதாவது மாறியிருக்கிறதா, இல்லையா? கேள்வி அவ்வளவுதான். மூன்று சதுரம் வரை அநேகமாக யாரும் தவறுவதில்லை. நான்கிலிருந்து சறுக்கல் ஆரம்பிக்கிறது. கோவனின் சூத்திரம் இதன் ஒரு வகைக்கு உரியது: இரண்டாம் முறை ஒரே ஒரு சதுரத்தைச் சுட்டி, 'இது மாறியதா?' என்று கேட்கும் வகை. 'எ' என்பது காட்டிய சதுரங்களின் எண்ணிக்கை. 'ச' என்பது உண்மையாகவே மாறியபோது 'மாறியது' என்று சொன்ன விகிதம். 'த' என்பது மாறாதபோதும் 'மாறியது' என்று சொல்லிவிட்ட விகிதம். 'கொ' கொள்ளளவு.

இந்த வரியின் உயிர் அந்தக் கழித்தல் குறியில் இருக்கிறது. எட்டுச் சதுரங்களில் ஒருவர் நான்கைப் பிடித்து வைத்திருக்கிறார் என்று கொள்வோம். சுட்டப்படும் சதுரம் அந்த நான்கில் ஒன்றாக இருக்க வாய்ப்பு சரிபாதி. அப்போது அவருக்குச் சந்தேகமே இல்லை; மாறியிருந்தால் 'மாறியது', இல்லாவிட்டால் 'இல்லை'. மீதிப் பாதியில் அவரிடம் ஒன்றுமில்லை, ஊகிக்கத்தான் வேண்டும். மாறியபோது அவர் சொன்ன 'மாறியது'களில் நினைவும் கலந்திருக்கிறது, ஊகமும் கலந்திருக்கிறது. மாறாதபோது சொன்ன 'மாறியது'களில் இருப்பது வெறும் ஊகம். இரண்டு இடத்திலும் ஊகம் ஒரே அளவு. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்ததும் ஊகம் கரைந்து, நினைவு மட்டும் நிற்கிறது. நினைவிலிருந்து ஊகத்தைப் பிரித்தெடுக்க மூளையைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை, அந்த மனிதரையே கேட்க வேண்டியும் இருக்கவில்லை. அவர் செய்த ஒருவகைப் பிழையை எடுத்து இன்னொரு கணக்கிலிருந்து கழித்தால் போதுமாயிற்று.

இரண்டு பேரை வைத்துப் பார்த்தால் இதன் சுவை கூடும். எட்டுச் சதுரச் சோதனையில் ஒருவருக்கு ச 80 விழுக்காடு, த 40. இன்னொருவருக்கு ச 60, த 20. மாற்றத்தைக் கண்டுபிடித்த கணக்கை மட்டும் பார்த்தால் முதலாமவர் கெட்டிக்காரர். மாறாததை மாறியதாகச் சொன்ன கணக்கை மட்டும் பார்த்தால் இரண்டாமவர் கவனமானவர். சூத்திரம் இருவருக்கும் 3.2 என்கிறது. நினைவில் இருவரும் சமம், வேறுபட்டது சுபாவம். அந்தச் சுபாவத்துக்கும் எண் கிடைக்கிறது: தெரியாத வேளையில் முதலாமவர் மூன்றுக்கு இரண்டு முறை 'மாறியது' என்று துணிகிறார், இரண்டாமவர் மூன்றுக்கு ஒரு முறைதான் துணிகிறார்.

இன்னும் நுட்பமான ஓர் இடம் இருக்கிறது. இரண்டாம் முறையும் எட்டுச் சதுரங்களையும் காட்டி, 'இவற்றில் ஏதாவது மாறியதா?' என்று கேட்டால் மேற்சொன்ன வரி செல்லாது. அந்த வகைக்கு ஹெரால்ட் பாஷ்லர் 1988இலேயே ஒரு சூத்திரம் தந்திருக்கிறார். அதில் (ச − த)-வை (1 − த)-வால் வகுக்க வேண்டும். ஏன்? எதுவுமே மாறாதபோது, பிடித்து வைத்த நான்கும் அப்படியே இருப்பதைக் காண்பவருக்கு, மற்ற நான்கும் மாறவில்லை என்று எப்படித் தெரியும்? அங்கே நினைவு கைகொடுப்பதில்லை, முழுக்க ஊகம். மேலே சொன்ன அதே இரண்டு பேரின் விகிதங்கள் இந்தச் சோதனையில் வந்திருந்தால், முதலாமவரின் கொள்ளளவு 5.3, இரண்டாமவருக்கு 4. அதே எண்கள், வேறு மனிதர்கள்! கேள்வியைக் கேட்ட விதத்தில் வந்த சின்ன மாற்றம், ஊகம் நுழையும் வாசலை மாற்றிவிட்டது. சோதனையின் தன்மையைக் கவனிக்காமல் தவறான சூத்திரத்தைப் போட்டால், சமமானவர்கள் இருவரில் ஒருவரை உயர்த்தி ஒருவரைத் தாழ்த்திவிடுவோம்.

ஜெஃப்ரி ரௌடரும் அவருடைய கூட்டாளிகளும் 2008இல் இந்த எளிய வரியைக் கடுமையாகச் சோதித்துப் பார்த்தார்கள். மாற்றம் நிகழும் வாய்ப்பைக் கூட்டியும் குறைத்தும், ஆட்களைத் துணியவும் தயங்கவும் வைத்தார்கள். கோவனின் வரி உண்மையானால், 'த'வைக் குறுக்கிலும் 'ச'வை நெடுக்கிலும் குறிக்கும்போது புள்ளிகள் நேர்கோட்டில் விழ வேண்டும். துணிவும் தயக்கமும் ஒரே கோட்டின் மீது மேலும் கீழும் நகர்த்தும். கொள்ளளவு மாறினால்தான் கோடு விட்டுக் கோடு தாவ முடியும். ஏறக்குறைய அப்படித்தான் விழுந்தன. ஆனால் ஓர் உறுத்தல் இருந்தது: இரண்டே சதுரம் காட்டும்போதும் சிலர் தவறினார்கள். கொள்ளளவு மூன்று, நான்கு இருப்பவர் இரண்டில் தவறலாமா? அங்கேதான் அந்த ஆய்வாளர்களின் ரசனை தெரிகிறது. அந்தப் பிழையை அவர்கள் ஒதுக்கித் தள்ளவில்லை. நினைவுக்குச் சுமையே இல்லாத இடத்தில் வந்த பிழை என்பதால், அது கவனம் நழுவியதன் சுத்தமான அளவு என்று கண்டார்கள். சுலபமான கேள்வியில் வந்த தப்பை வைத்துக் கவனத்தை அளந்து, அதைக் கழித்துவிட்டு, கடினமான கேள்வியில் வந்த தப்பை வைத்துக் கொள்ளளவை அளந்தார்கள்.

இதுவரை பிழைக்கு 'உண்டு, இல்லை' என்ற இரண்டே நிலை. பிழையை அளந்து பார்க்கத் தொடங்கியபோதுதான் அதற்கு வடிவம் கிடைத்தது. 2008இல் வெய்வெய் ஜாங், ஸ்டீவன் லக் இருவரும் நேச்சரில் வெளியிட்ட சோதனையில், 'மாறியதா?' என்ற கேள்வியே இல்லை. ஒரு சதுரம் இருந்த இடத்தைக் காட்டி, 'இங்கே என்ன நிறம்?' என்பார்கள். சுற்றிலும் 360 பாகைக்கு வண்ணச் சக்கரம். நினைவிலிருக்கும் நிறத்தை அதில் தொட்டுக் காட்ட வேண்டும். தொட்ட இடத்துக்கும் உண்மை நிறத்துக்கும் உள்ள தூரம்தான் பிழை. பல நூறு விடைகளின் பிழையை வரைபடமாக்கினால் நடுவில் மணி வடிவில் ஒரு மேடு. இரு பக்கமும் பூஜ்யம் வரை இறங்காமல், சமதளமாக ஒரு தரை.

அந்தப் படத்தை அவர்கள் படித்த விதம் அருமை. மேட்டின் அகலம் நினைவின் மங்கல்: நினைவு இருக்கிறது, ஆனால் துல்லியம் போதவில்லை. தரையின் உயரம் மறதி: நினைவே இல்லாதவர் சக்கரத்தில் எங்கே வேண்டுமானாலும் தொடுவார், அவர் விடைகள் எல்லாப் பாகையிலும் சமமாகச் சிதறும். காட்டும் நிறங்களை மூன்றிலிருந்து ஆறாக்கியபோது மேட்டின் அகலம் ஏறத்தாழ மாறவில்லை. தரைதான் உயர்ந்தது. ஆறும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கவில்லை. சில கிடைத்தன, சில கிடைக்கவே இல்லை என்று அவர்கள் முடிவு கட்டினார்கள்.

அடுத்த ஆண்டே பால் பேஸ், மசூத் ஹுசைன் முதலியோர் அதே தரையைக் குனிந்து பார்த்தார்கள். பிழையைக் கேட்ட சதுரத்தின் நிறத்திலிருந்து அளக்காமல், பக்கத்துச் சதுரங்களின் நிறத்திலிருந்து அளந்தார்கள். தரை என்று நினைத்த இடத்தில் ஒரு சின்ன மேடு எழுந்தது! ஊகம் என்று ஒதுக்கிய விடைகளில் ஒரு பங்கு ஊகமே அல்ல. நிறம் சரியாகவே நினைவிருந்தது, அது எந்த இடத்து நிறம் என்பதுதான் மாறிப்போயிருந்தது. விடைகள் ஒன்றுகூட மாறவில்லை. அளவுகோலை வேறிடத்தில் வைத்ததும், மறதி என்று தோன்றிய ஒன்று குழப்பம் என்று தெரிந்தது.

ஆக ஒருவருடைய நினைவுக்கு மூன்று எண்கள்: மறதி, மங்கல், குழப்பம். கடைக்கு அனுப்பிய மூன்று பிள்ளைகளை நினைத்துக்கொண்டால் இவை மறக்காது. ஒருவன் சொன்னதில் இரண்டு சாமானை மறந்து வருவான். ஒருத்தி எல்லாம் வாங்கி வருவாள், அளவுதான் எல்லாவற்றிலும் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். மூன்றாமவன் துவரம்பருப்புக்குச் சொன்ன அளவில் கடலைப்பருப்பையும், கடலைப்பருப்புக்குச் சொன்ன அளவில் துவரம்பருப்பையும் வாங்கி வருவான். 'பட்டியல்படி வரவில்லை' என்று சொன்னால் மூவரும் ஒன்றே.

சராசரி என்ற ஓர் எண்ணுக்குள் எவ்வளவு பெரிய வேறுபாடு ஒளிந்துகொள்ளும் என்பதைக் கற்பனைக் கணக்கொன்றில் பார்க்கலாம். ஒருவர் 100க்கு 70 முறை நிறத்தை 15 பாகைத் திட்டவிலக்கத்தில் கூர்மையாக நினைவில் வைத்திருக்கிறார், மீதி 30 முறை வெறும் ஊகம். இன்னொருவர் ஒருமுறைகூட மறப்பதில்லை, ஆனால் விடைகள் 44 பாகைத் திட்டவிலக்கத்தில் பரந்து விழுகின்றன. இருவருக்கும் சராசரிப் பிழை ஏறத்தாழ 35 பாகை. மதிப்பெண் ஒன்று, மனம் இரண்டு. இந்தப் பிரிப்புக்குப் பயனும் இருந்தது. கெய்சுகே ஃபுகுடா, வோகல் முதலியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், புதுப் புதிர்களை விடுவிக்கும் அறிவுத்திறனோடு ஒட்டுறவு காட்டியது நினைவில் நிற்கும் பொருள்களின் எண்ணிக்கை. நினைவின் துல்லியத்துக்கு அந்த ஒட்டுறவு இல்லை. இரண்டையும் ஒரே எண்ணில் குழைத்திருந்தால் இது தெரிந்தே இருக்காது.

இப்படி ஒவ்வொருவருக்கும் மூன்று எண் எடுக்கலாம் என்று தெரிந்ததும், எல்லாரையும் அளந்துவிடலாம் என்ற ஆசை வரும். அங்கேதான் மிக நுணுக்கமான சிக்கல் காத்திருக்கிறது. அடிக்கடி மறப்பவரிடம் மேடு சிறியது. மேட்டில் விழும் விடைகள் கொஞ்சமாக இருக்கும்போது அதன் அகலத்தை எதை வைத்து அளப்பது? நினைவு குறைந்தவருக்கு நினைவின் துல்லியத்தை அளப்பதும் கடினமாகிறது. நாம் அதிகம் தெரிந்துகொள்ள வேண்டியவர்களைப் பற்றித்தான் குறைவாகத் தெரிகிறது. இன்னொன்று: மேட்டைக் கொஞ்சம் அகலமாக வரைந்துவிட்டால், தரையில் இருந்த சில விடைகளையும் அது விழுங்கிவிடும், மறதி குறைந்ததுபோல் தோன்றும். அகலத்தில் செய்த தவறு உயரத்தில் எதிரொலிக்கிறது. பலரிடம் இப்படி நேர்ந்தால், 'மங்கலாக நினைப்பவர்கள் குறைவாக மறக்கிறார்கள்' என்று ஓர் உறவு எண்களில் தலைகாட்டும். அது மனித மனத்தின் உறவா, நாம் வரைந்த கோட்டின் உறவா என்று எண்களைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இதற்கு மருந்தாக வந்தது படிநிலை மாதிரி. ஒவ்வொருவரையும் தனித் தீவாக அளக்காமல், அனைவரும் ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் கணக்கில் சேர்ப்பது இதன் வழி. ஒருவருடைய கொள்ளளவு 6 என்று வந்திருக்கிறது, கூட்டத்தின் சராசரி 3.5, ஆளுக்கு ஆள் உள்ள உண்மையான பரவல் (திட்டவிலக்கம்) 1 என்று வைத்துக்கொள்வோம். அவரை அளந்ததில் தடுமாற்றமும் 1 அளவுக்கு இருந்தால், மாதிரி அவரைப் பாதி வழி இழுத்து 4.75இல் நிறுத்தும். அவர் கூடுதல் சுற்றுகளுக்கு விடையளித்துத் தடுமாற்றம் 0.5 ஆகக் குறைந்தால், 5.5 வரை விட்டுக்கொடுக்கும். சான்று எவ்வளவோ அவ்வளவு தனித்தன்மை. குறைவாகத் தெரிந்த ஆளைப் பற்றி மிகையாகப் பேசாத அடக்கம் அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. சார்ல்ஸ் ஸ்டைன் 1956இல் நிறுவிய ஒரு வியப்பான தேற்றம் இதன் வேர்களில் ஒன்று: மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சராசரிகளை ஒருசேர மதிப்பிடும்போது, ஒவ்வொன்றையும் தனித்தனியே மதிப்பிடுவதைவிட மொத்தப் பிழையைக் குறைக்கும் வழி உண்டு என்பது அது.

ரிச்சர்ட் மோரி 2011இல் செய்த படிநிலை மாதிரியில் எனக்குப் பிடித்த ஒரு சிறு கைவேலை உண்டு. கோவனின் வரியில் 'த', 'ச'வைவிடப் பெரிதாகிவிட்டால் கொள்ளளவு பூஜ்யத்துக்குக் கீழே போகும். எதிர்மறையான நினைவு என்று ஒன்று உண்டா? பூஜ்யத்தில் வெட்டிவிட்டால் பரவலின் அழகான வடிவம் சிதைந்து கணக்கு இடறும். அவர் உள்ளே ஓர் எண்ணை வைத்தார். அது பூஜ்யத்துக்குக் கீழே தாராளமாகப் போகலாம். வெளியே தெரியும் கொள்ளளவு மட்டும் பூஜ்யத்தில் நின்றுவிடும். கணக்குக்கும் இடைஞ்சல் இல்லை, மனிதருக்கும் பொருந்தாத எண் இல்லை.

நிறங்களை விட்டுச் சொற்களுக்கு வந்தால், கிளாஸ் ஓபராவரும் ஸ்டீஃபன் லெவண்டோவ்ஸ்கியும் 2019இல் வகுத்த அளவீட்டு மாதிரி இருக்கிறது. சில சொற்களை வரிசையாக நினைவில் வைக்க வேண்டும், நடுநடுவே வேறு சொற்கள் குறுக்கிடும். கடைசியில், 'இரண்டாம் இடத்தில் இருந்த சொல் எது?' என்று ஒரு தொகுப்பிலிருந்து எடுக்கச் சொல்வார்கள். தவறான விடை பல வகை. பட்டியலிலேயே வேறிடத்துச் சொல்லை எடுத்தால், சொல் நினைவிருக்கிறது, இடத்தோடு அது கட்டப்படவில்லை. குறுக்கிட்ட சொல்லை எடுத்தால், தள்ளிவிட வேண்டியதை உள்ளே விட்டுவிட்டார். எங்குமே வராத சொல்லை எடுத்தால், எதுவுமே நிற்கவில்லை. ஒவ்வொரு வகைத் தப்பின் விகிதத்திலிருந்தும் ஒவ்வொரு திறனுக்கு எண் வருகிறது: சொல்லை உயிர்ப்போடு வைப்பது ஒன்று, இடத்தோடு பிணைப்பது ஒன்று, வேண்டாததை வடிகட்டுவது ஒன்று.

இந்த மூன்றாவதன் அருமையை வோகலின் குழு 2005இல் மூளை அலைகளிலேயே காட்டியிருக்கிறது. சிவப்புப் பட்டைகளை மட்டும் நினைவில் வையுங்கள், நீலத்தை விட்டுவிடுங்கள் என்றார்கள். கொள்ளளவு குறைந்தவர்களிடம், இரண்டு சிவப்போடு இரண்டு நீலம் காட்டியபோது, நான்கு சிவப்பைக் காட்டியபோது எழுவதற்கு நிகரான அலை எழுந்தது. வேண்டாத நீலமும் அவர்கள் மனத்தில் இடம் பிடித்திருந்தது. சிறிய நினைவு என்று நாம் மதிப்பிட்டதில் ஒரு பங்கு, கதவடைக்கத் தெரியாத நினைவு.

இந்த மாதிரிகளுக்குள் சண்டை ஓயவில்லை என்பதும் சொல்லப்பட வேண்டியதே. 2012இல் ரொனால்ட் வான் டென் பெர்க், வெய் ஜி மா முதலியோர், துல்லியமே சுற்றுக்குச் சுற்று ஏறி இறங்குகிறது என்றார்கள். பல அகலங்களில் உள்ள மணிகளைக் கூட்டினால் தரை போன்ற ஒன்று தானாக உருவாகும். 2020இல் மார்க் ஷர்கின், ஜான் விக்ஸ்டட், திமோத்தி பிரேடி மூவரும் இன்னும் எளிமையாகக் கேட்டார்கள்: சக்கரத்தில் 120 பாகை தள்ளியிருக்கும் நிறமும் 180 பாகை தள்ளியிருக்கும் நிறமும் கண்ணுக்கு வெவ்வேறு அளவு தூரமா? இல்லை, இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு அந்நியம். அப்படியானால் தரை சமதளமாக இருப்பதற்கு மறதி வேண்டாம், கண்ணின் இயல்பே போதும். நினைவின் வலிமை என்ற ஒரே எண்ணில் முழு வடிவமும் வந்துவிடும் என்றார்கள். மறுபக்கம், 2017இல் கிர்ஸ்டன் ஆடம், வோகல், எட்வர்ட் ஆ ஆகியோர் ஆறு நிறங்களையும் விரும்பிய வரிசையில் சொல்லச் சொன்னபோது, கடைசியில் வந்த விடைகள் சக்கரம் முழுதும் சீராகச் சிதறியிருந்தன. தரை மெய்யான ஊகம் என்பதற்கு அது சாட்சி. ஒரே படத்துக்கு இத்தனை உரை. உரையாசிரியர்கள் மோதிக்கொள்வது மூலத்தில் சரக்கு இருப்பதால்தான். அவர்கள் எல்லாருக்கும் பொதுவான கொள்கை ஒன்று உண்டு: விடை எவ்வளவு தவறியது, எந்தப் பக்கம் தவறியது, எதனோடு குழம்பியது என்பதைத் தூக்கி எறியக் கூடாது.

நினைவை அளக்கும் பழைய வழக்கத்தில் அந்தக் கொள்கை இல்லை. ஜோசஃப் ஜேக்கப்ஸ் 1887இல் லண்டன் மாணவிகளிடம் எண் வரிசையைச் சொல்லி, திருப்பிச் சொல்லவைத்து அளந்தார். அதே முறை இன்றைய நுண்ணறிவுச் சோதனைகளிலும் இருக்கிறது. 5, 8, 2, 6 என்ற வரிசையை ஒரு குழந்தை 5, 2, 8, 6 என்கிறது. இன்னொன்று 5, 8, 6 என்கிறது. மூன்றாவது 5, 8, 2, 9 என்கிறது. மூன்றுக்கும் பூஜ்யம். முதல் குழந்தையிடம் எண்கள் நிற்கின்றன, வரிசை நிற்கவில்லை. இரண்டாவதிடம் ஓர் எண் உதிர்ந்தது. மூன்றாவது இல்லாத எண்ணைக் கொண்டுவந்து நிரப்பியது. ஒரே ஒரு வரிசையை வைத்து இதில் எதையும் குழந்தையின் குணம் என்று சொல்லிவிட முடியாது. படிநிலை மாதிரி கற்பிக்கும் அடக்கம் இங்கேதான் தேவை. பல சுற்றுகளின் தப்புகள் சேரச் சேரத்தான் யாருக்கு எது தவறுகிறது என்று தெளியும். அதற்குக் குழந்தை சொன்னது சொன்னபடி தாளில் இருக்க வேண்டும். மதிப்பெண்ணைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். மதிப்பெண்ணிலிருந்து பிழையைத் திரும்ப எடுக்க எந்தச் சூத்திரமும் இல்லை.